ஊருக்குப் போயிருக்கா

கொட்டிய கல்லைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று அதுவரை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை.

எங்கள் ஒழுங்கை முனையில் டிரக்டர் நின்றது. பெட்டியின் பின்கதவைத் திறந்துவிட்டு, இரண்டு பேர் சீமெந்துக் கற்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நோன்புப் பெருநாள் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. களப்பிலிருந்து வந்த காற்றில் உப்பு வாசம். கல்லோடு கல் உரசும் சத்தம் பல்லைக் கூசவைத்தது.

அந்தக் கற்கள் நோன்பு காலத்தில் வந்திறங்கியவை. பெருநாளுக்கு முந்திய நாள் நாங்கள் அவற்றின்மேல் உட்கார்ந்துதான் கைக்கு மருதோண்டி போட்டோம். பக்கத்து வீட்டு சுஹைறா மாமியின் ஆடு, அந்தக் குவியலின் உச்சியில் ஏறி நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் விசாரிப்பதுபோல் பார்க்கும். அவை எங்கள் கற்கள். எங்கள் குடியிருப்புப் பெண்களுக்கென்று குளியலறையும் மலசலகூடமும் கட்ட வந்த கற்கள்.

உம்மா அகப்பையும் கையுமாக வாசலுக்கு வந்தார். ஏன் ஏற்றுகிறார்கள் என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? பள்ளிக்கூடச் சீருடையோடு நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒன்று மட்டும் தெரியும். அந்தக் கல் போனால் நானும் போகவேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. கல் எங்கே போகிறதோ, அது அவர்கள் பாடு. நான் போகவேண்டிய இடம் கனமூலை.

இருமல்தான் தாழ்ப்பாள்

போன வாரம் பவுசர் வண்டித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு சுஹைறா மாமி தொலைபேசியில் ஏசினார். தண்ணீர் வந்த கதையை எழுதிவிட்டு, அது போன இடத்தை எழுதாமல் விட்டால் பாதிக் கதைதானே என்றார். சரிதான். சாப்பிட்டுக்கொண்டே இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் இந்த வாரம் மட்டும் கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.

எங்கள் குடியிருப்பு புத்தளம் நகரத்தின் ஓரத்தில், உப்பளத்துக்கும் களப்புக்கும் நடுவில் இருந்தது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த எங்கள் ஆட்கள், கொஞ்ச நாளைக்குத்தானே என்று தென்னங்கிடுகால் கொட்டில் போட்ட இடம். கொஞ்ச நாள் இருபது வருஷமானது. கிடுகு தகரமானது. சில வீடுகளில் தகரம் கல்லானது. பெயர் மட்டும் கடைசிவரை முகாம்தான். நான் பிறந்ததே அங்கேதான். ஆனாலும் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் மன்னார் என்றுதான் சொல்லுவேன்.

ஒழுங்கைக்கு அப்பால் வன்னியிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் சிலவும் இருந்தன. காலையில் அப்பம் சுட்டு விற்கும் பத்மா அக்கா அவர்களில் ஒருவர். அவருக்கும் எங்களுக்கும் வேதம் வேறு, பேச்சும் கொஞ்சம் வேறு. மலசலகூடம் ஒன்றுதான்.

எல்லோருக்குமாக நாலு இருந்தன. ஒன்றில் குழி நிறைந்து மூடியாயிற்று. ஒன்றுக்குக் கதவு போய்விட்டது. மிஞ்சிய இரண்டுக்கும் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. வெளியே காலடிச் சத்தம் கேட்டால் உள்ளே இருப்பவர் இருமவேண்டும். இருமல்தான் எங்களுக்குத் தாழ்ப்பாள். இருமலை வைத்தே உள்ளே யார் என்று சொல்லிவிடுவோம். சுஹைறா மாமியின் இருமல், கூட்டத்தில் பேச எழுந்தவர் தொண்டையைச் செருமுவதுபோல் இருக்கும். உம்மாவின் இருமல் கேட்டும் கேட்காமலும் இருக்கும். அதனால் உம்மா எப்போதும் என்னைக் காவலுக்குக் கூட்டிக்கொண்டு போவார்.

போகிற வழியில்தான் இளைஞர்களின் கரம் பலகை. எங்களைக் கண்டதும் காய் அடிக்கும் சத்தம் நின்றுவிடும். மரியாதைக்காகத்தான் நிறுத்தினார்களோ என்னவோ. அந்தச் சத்தமில்லாமைதான் எங்களைக் கொன்றது. கையில் வாளி மட்டும் இருந்தால் ஒரு அர்த்தம். வாளியோடு சால்வைக்குள் ஒரு பொட்டலமும் இருந்தால் வேறு அர்த்தம். அந்தப் பொட்டலத்தை ஒளிக்க நாங்கள் பட்ட பாட்டை, கள்ளக் கடத்தல்காரன்கூடப் பட்டிருக்கமாட்டான்.

பொட்டலத்தில் இருந்தது பழைய சாரன் துண்டு. கடையில் விற்பதைப் பத்திரிகைத் தாளில் சுற்றித் தருவார்கள். அது வசதி இருந்த மாதத்துக்கு. மற்ற மாதங்களுக்கு வாப்பாவின் கிழிந்த சாரன்தான். உவர்த் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. எவ்வளவு கசக்கினாலும் ஒரு மங்கல் நிறம் ஒட்டிக்கொண்டே இருக்கும். காயப்போடுவதும் ஒரு கலை. கொடியில் முதலில் துண்டு, அதன்மேல் துவாய், துவாய்க்கு மேல் வாப்பாவின் சட்டை. சட்டை மொடமொடவென்று காய்ந்துவிடும். அடியில் இருப்பது ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தோடு பள்ளிக்கூடம் நடந்துபோய் வந்தால் தொடையெல்லாம் எரியும். அதனால் மாதத்தில் சில நாள் எனக்குக் காய்ச்சல் என்று ஆசிரியைக்குச் சொல்லியாகிவிட்டது. மாதம் தவறாமல் வரும் காய்ச்சலைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும்.

மாரி காலத்தில் அடுப்புக்கு மேலே கயிறு கட்டி அதில் காயப்போடுவோம். இப்போதும் எங்கேயாவது விறகுப் புகை வாசம் வந்தால், மற்றவர்களுக்குச் சோறும் கறியும் ஞாபகம் வருமாம். எனக்கு அந்தக் கயிறுதான் ஞாபகம் வரும். சிரிப்பும் வரும். அந்த அடுப்படியில் உம்மாவும் நானும் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்திருந்த சூடும் ஞாபகம் வரும். அந்தச் சூட்டுக்காக அந்தப் புகையை இன்னும் கொஞ்சம் குடிக்கலாம்போல் இருக்கும்.

நீலக் கட்டச் சாரன்

பாவித்து முடிந்ததைக் களப்போரச் சேற்றில் புதைப்போம். நாங்கள் புதைத்ததை நாய்கள் தோண்டும். அதற்காகக் கல் வைத்துப் பார்த்தோம், சிப்பிக் குவியல் வைத்துப் பார்த்தோம். நாய்க்கு ஒன்றும் ஒரு பொருட்டில்லை.

நான் பெரிய பிள்ளையான வருஷம் அது. ஒரு பின்னேரம் நாயொன்று எதையோ கவ்விக்கொண்டு வந்து, போயும் போயும் அந்தக் கரம் பலகைக்குக் கீழே போட்டது. போட்டுவிட்டு வாலையும் ஆட்டியது. பையன்கள் எழுந்து ஓடினார்கள். சேறு அப்பியிருந்தாலும் துணியின் நிறம் தெரிந்தது. நீலக் கட்டம்.

எங்கள் ஒழுங்கையில் நீலக் கட்டச் சாரன் வாப்பாவிடம் மட்டும்தான் இருந்தது. அதை உடுத்துக்கொண்டு அவர் வருஷக்கணக்காக உப்பளத்துக்குப் போய் வந்திருக்கிறார். அது யாருடைய வீட்டுத் துணி என்று எவருக்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வாப்பா உப்பளத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். அவரும் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு, அதைக் காலால் மணலுக்குள் தள்ளி மூடிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைக் கனமூலைக்கு அனுப்பும் பேச்சு வந்தது. உம்மாவின் தங்கை, என் சாச்சி, அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தார். தென்னந்தோட்டத்துக்கு நடுவில் கல்வீடு. வாப்பா உம்மாவிடம் சொன்னார்:

"அவள இங்க வெச்சிருந்து என்ன செய்ற? சாச்சிட வீட்டுல எல்லாம் உள்ளுக்கே இரிக்கி. கதவும் இரிக்கி, தாப்பாளும் இரிக்கி."

வாப்பாமேல் எனக்குக் கோபமில்லை. இப்போது நினைத்தால், மகளுக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கிக்கொடுக்க முடியாத மனிதரின் பேச்சு அது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் சாச்சி வீட்டுக்குப் போகிற பெண்பிள்ளை அங்கேயே வளர்ந்து, அங்கேயே மாப்பிள்ளை பார்த்து, கலியாணத்துக்குத்தான் தாய் வீட்டுக்கு வருவாள். எங்கள் ஒழுங்கையில் இரண்டு பேர் அப்படித்தான் போனார்கள். எனக்கு சாச்சியைப் பிடிக்கும். அவர் வீட்டுத் தாழ்ப்பாளையும் பிடிக்கும். உம்மா இல்லாத வீடு எனக்கு வேண்டாம்.

ஒரு தொண்டு நிறுவனம் மலசலகூடம் கட்டித்தரப் போகிறது என்ற கதை அப்போதுதான் அடிபட்டது. உம்மா அதைப் பிடித்துக்கொண்டார். பெருநாள் முடியும்வரை பொறுங்கள், கட்டிவிட்டார்கள் என்றால் பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்று வாப்பாவிடம் கெஞ்சினார். வாப்பா ஓம் என்றார்.

நான் மூட்டை கட்டிய நாள்

இனி அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். அது இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

ஆரம்ப காலத்தில் முகாமில் வீடு என்று ஒன்று கிடையாது. நீளக் கொட்டில் ஒன்றைச் சேலையாலும் சாரனாலும் தடுத்து, தடுப்புக்கு ஒரு குடும்பம் இருந்தார்களாம். ஒரு தடுப்பில் பேசினால் ஏழு தடுப்புக்குக் கேட்கும். மாதத்து நாட்களில் பெண்களுக்குத் தொழுகை கிடையாது. யாராவது ஒரு பெண் தொழுகைக்கு வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்கவும் முடியாது, சொல்லவும் முடியாது.

அந்த நாட்களில் ஒருமுறை, உம்மா வயிற்று வலியோடு முக்காட்டை முகத்தின்மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். மன்னாரில் அவருடைய வீட்டுக்குப் பின்னால் கிணறு இருந்தது. கிணற்றைச் சுற்றி ஆளுயரக் கிடுகு வேலி. உள்ளே துவைக்கிற கல், பக்கத்தில் ஒரு மருதோண்டி மரம். வேலிக்குள் போனால் எவர் கண்ணுக்கும் தெரியாது, எவ்வளவு நேரமும் நின்று குளிக்கலாம். அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தாராம். என்ன செய்கிறாய் என்று சுஹைறா மாமி கேட்டபோது, "ஊருக்குப் போயிருக்கேன்" என்றாராம் முக்காட்டுக்குள் இருந்து.

அவ்வளவுதான். அன்றையிலிருந்து அதுதான் சொல். அவ எங்கே? ஊருக்குப் போயிருக்கா. எப்போது வருவா? நாலைந்து நாளில் வந்திருவா. ஆண்களுக்குக் கேட்டாலும் பிசகில்லை. போர் நடந்த காலத்தில் எவராலும் நிஜமாக ஊருக்குப் போகமுடியாது என்பதால், பெண்கள் ஏதோ பகிடி பண்ணுகிறார்கள் என்று விட்டுவிடுவார்கள்.

எனக்கு மட்டும் பெரிய கோபம். ஐந்தாறு வயதிருக்கும். இந்தப் பெண்கள் எல்லோரும் மாறி மாறி ஊருக்குப் போய் வருகிறார்கள், என்னை ஒருவரும் கூட்டிக்கொண்டு போகிறார்களில்லை. ஒருநாள் சுஹைறா மாமி உம்மாவைப் பற்றி யாரிடமோ அதைச் சொன்னது காதில் விழுந்ததும், என் இரண்டு சட்டையையும் ஒரு சீப்பையும் சீனிப் பையில் போட்டு மூட்டை கட்டி, வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். இந்தமுறை நானும் வருவேன், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் வேண்டும் என்று அழுதேன்.

பெண்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிலருக்குக் கண்ணில் தண்ணீர். உம்மா என்னைத் தூக்கி மடியில் வைத்து, உனக்கும் ஒரு காலம் வரும், அப்போது போகலாம், அவசரப்படாதே என்றார். அந்த மூட்டைக் கதையைச் சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார்கள். நான் பெரிய பிள்ளையான அன்றைக்கு சுஹைறா மாமி பால்சோற்றோடு வந்து, முதல் கேள்வியாக, ஜன்னல் பக்கம் கிடைத்ததா என்று கேட்டார்.

நோன்புக் காலத்துப் பகல்

நிறுவனத்திலிருந்து ரமேஷ் என்ற தம்பி வந்தார். சிலாபம் பக்கத்துத் தமிழர், நல்ல பிள்ளை. செருப்பை வாசலிலேயே கழற்றுவார், தலையை நிமிர்த்திப் பெண்களைப் பார்க்கமாட்டார். கல்லும் மண்ணும் வந்திறங்கிய பிறகு, வேலையைத் தொடங்க முன்னம் அவர் ஒன்றைப் பார்க்கவேண்டியிருந்தது. போர் முடிந்து எங்கள் ஆட்கள் சிலர் மன்னாருக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரம் அது. திரும்பியவர்களுக்கு அங்கே கட்டிக்கொடுப்பார்கள், இருப்பவர்களுக்கு இங்கே. அதனால் யார் நிஜமாக இங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுப் போக வந்தார். அதில் பிழை சொல்ல முடியாது.

அவர் வந்தது நோன்பு காலத்து ஒரு பகல். பெண்கள் எல்லோரும் லுஹர் தொழுகைக்குப் பிறகு சுஹைறா மாமி வீட்டில் கூடி குர்ஆன் ஓதும் நேரம். ஆளுக்கொரு பகுதியாக ஓதி, பெருநாளுக்குள் முழுவதும் முடிக்கவேண்டும். மாதத்து நாட்களில் இருப்பவர்கள் ஓத வருவதில்லை. அவர்களுடைய பகுதியை வேறு யாராவது ஓதவேண்டும். அதனால் அந்த மாதம் முழுக்க சுஹைறா மாமி தினமும் ஆட்களைக் கூப்பிட்டுப் பார்ப்பார், வராதவருக்கு என்ன காரணம் என்று அவரே சொல்லியும் விடுவார்.

ரமேஷ் திரைச்சீலைக்கு வெளியே நின்று ஒவ்வொரு வீட்டுப் பெண்ணின் பெயரையும் கேட்டார். வந்திருந்தவர்கள் உள்ளே இருந்து குரல் கொடுத்தார்கள். வராதவர்களின் பெயர் வந்தபோது, சுஹைறா மாமி ஓதிக்கொண்டிருந்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, தினமும் சொல்வதைச் சொன்னார்.

"அவ ஊருக்குப் போயிருக்கா."

இன்னொரு பெயர். அவவும் ஊருக்குத்தான். இன்னொரு பெயர். நேற்றுத்தான் போனா. உம்மாவின் பெயருக்கும் அதே பதில்தான். உம்மா அந்நேரம் வீட்டில் பழைய துணியைக் கிழித்துக்கொண்டிருந்தார். மற்ற சிலர் நுரைச்சோலைப் பக்கம் வெங்காயத் தோட்டத்துக் கூலிக்குப் போயிருந்தார்கள். சொல்லிக்கொண்டு வந்த வேகத்தில் அவர்களையும் மாமி ஊருக்கே அனுப்பிவிட்டார்.

ரமேஷ் நேர்மையான பிள்ளை. திரும்ப வருவார்களா என்று ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறார். வராமல் என்ன, பெருநாளைக்குள் வந்துவிடுவார்கள் என்று மாமி நல்ல மனதோடு சொன்னார்.

நானும் ஒரு மூலையில் ஓதிக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒன்றும் படவில்லை. வேறு ஒருவருக்கும் படவில்லை. இருபது வருஷமாக எங்களுக்கு அந்த வசனத்துக்கு ஒரே அர்த்தம்தான். ரமேஷுக்கும் ஒரே அர்த்தம்தான். பாதி ஆட்கள் மன்னாரில் குடியேறிவிட்டார்கள், பெருநாளைக்கு மட்டும் இங்கே வந்து போகிறார்கள் என்று விளங்கிக்கொண்டு, நோன்பு நேரத்தில் தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார்.

அந்த ஊர் இல்லை

டிரக்டர் பெட்டி பாதி நிறைந்துவிட்டது. பள்ளிவாசல்துறைப் பக்கம் இன்னொரு குடியிருப்புக்குக் கல் போகிறதாம். ரமேஷ் வந்து பக்கத்தில் நின்றார். ஆண்கள் அவரைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்து ஹாஜியார், கரம் விளையாடும் பையன்கள், உப்பளத்துக்குக் கிளம்பி நின்ற வாப்பா, என் அண்ணன் காக்கா. எல்லோருக்கும் சேர்த்து ஒரே சத்தம்.

உம்மா ஆண்கள் கூட்டத்துக்குள் போய் நான் பார்த்ததில்லை. கடைக்குக்கூடக் காக்காவைத்தான் அனுப்புவார். அன்றைக்கு அகப்பையை என் கையில் தந்துவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நேரே போனார். நான் அகப்பையோடு பின்னால் போனேன்.

எங்கள் கல்லை ஏன் ஏற்றுகிறீர்கள் என்று கேட்டார். ரமேஷ் பணிவாகத்தான் சொன்னார்.

"அம்மா, பாதிப்பேர் ஊருக்குப் போயிட்டாங்கதானே. பெருநாளைக்குத்தான் வந்து போறாங்கன்னு உங்க ஆட்களே சொன்னாங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் சுஹைறா மாமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அதைப் பார்த்ததும் எங்கள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. இப்போது என்ன செய்வது? உண்மையைச் சொல்லாவிட்டால் கல் போய்விடும், நானும் போய்விடுவேன். சொல்வதென்றால் இத்தனை ஆண்கள் முன்னால் யார் சொல்வது?

உம்மா நிலத்தைப் பார்த்தார். பிறகு டிரக்டர் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, அது அந்த ஊர் இல்ல" என்றார்.

"வேற எந்த ஊரும்மா?"

"தொழுகை இல்லாத நாளைக்கு நாங்க அப்பிடித்தான் சொல்ற. ஊருக்குப் போயிருக்கா எண்டு."

எங்கள் ஆண்களுக்கு உடனே விளங்கியது. ஹாஜியார் தொண்டையைச் செருமினார். பையன்கள் தங்கள் கால் பெருவிரல்களை அப்போதுதான் முதன்முதலாகக் காண்பவர்கள்போல் குனிந்து பார்த்தார்கள். ரமேஷுக்குத்தான் பாவம், ஒன்றும் விளங்கவில்லை. தொழுவதற்காக ஊருக்குப் போகிறீர்களா என்று கேட்டார். சொன்னதைவிட வெளிப்படையான சொல் உம்மாவிடம் இல்லை.

அப்போது அப்பச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு பத்மா அக்கா வந்தார். கையில் மா.

"தம்பி, நாங்கள் வீட்டுக்குத் தூரம் எண்டு சொல்லுவம். இவையள் ஊருக்குப் போயிருக்கிறா எண்டு சொல்லுவினம். ரெண்டும் ஒண்டுதான்."

ரமேஷின் காது சிவந்தது. அவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு அப்பால் போய் யாரோடோ பேசினார். திரும்பி வந்தபோது உம்மாவைப் பார்க்காமல், டிரக்டர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நிஜ ஊருக்கு, மன்னாருக்கு, நீங்கள் ஒருவரும் போகவில்லையா, போகிற எண்ணமும் இல்லையா, மேலே அப்படியே சொல்லலாமா என்று.

இது வேறு கேள்வி. வாப்பா ஒவ்வொரு பின்னேரமும் தேத்தண்ணீர்க் கோப்பையோடு உட்கார்ந்து, அடுத்த வருஷம் ஊர்தான் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. கிணற்றைத் தூர் வாருவதிலிருந்து எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்பதுவரை பேசி முடித்திருந்தார்கள். மருதோண்டி மரம் இன்னும் இருக்குமா என்று உம்மா கேட்பார், இல்லாவிட்டால் புதிதாக நடலாம் என்பார் வாப்பா.

உம்மா வாப்பாவைப் பார்த்தார். வாப்பா தன் காலில் உப்பு அரித்த வெடிப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்ல தம்பி. நாங்க இங்கதான்" என்றார் உம்மா.

வாப்பா சாரனை மடித்துக் கட்டினார். டிரக்டர் பெட்டியில் ஏறினார். முதல் கல்லை எடுத்துக் காக்காவின் கையில் கொடுத்தார். பிறகு கரம் பலகைப் பையன்களும் வந்து கை கொடுத்தார்கள். கல் முழுவதும் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

சொல் போன பிறகு

கட்டினார்கள். மாரி தொடங்குவதற்குள் கூரையும் ஏறிவிட்டது. குளிக்க இடம், துவைக்கக் கல், தண்ணீர்த் தொட்டி, பாவித்ததைப் போட்டு எரிக்கப் பின்பக்கம் புகைக்கூண்டோடு ஒரு சின்ன அடுப்பு. கூரையில் ஒரு துண்டு வெளிச்சத் தகடு. அது பத்மா அக்காவின் யோசனை. அதற்குக் கீழே கொடி கட்டினோம். யாருக்கும் தெரியாமல், எங்கள் துணியில் முதன்முதலாக வெயில் பட்டது. அந்தக் காய்ந்த துணியை உம்மா முகத்தில் வைத்து மோந்து பார்த்தார். கதவுக்கு உள்பக்கம் தடித்த இரும்புத் தாழ்ப்பாள். சின்னப் பிள்ளைகள் அதைப் போட்டுப் போட்டுத் திறந்து விளையாடினார்கள். பழக்க தோஷத்தில் நாங்கள் கொஞ்ச நாள் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு இருமிக்கொண்டும் இருந்தோம்.

நான் கனமூலைக்கு விருந்துக்குத்தான் போனேன். பள்ளிக்கூடத்தில் என் காய்ச்சலும் நின்றது.

சொல் மட்டும் செத்துப்போயிற்று. எல்லா ஆண்களுக்கும் தெரிந்த பிறகு அதை வைத்து என்ன செய்வது? வேறு சொற்களைச் சோதித்துப் பார்த்தோம், ஒன்றும் ஒட்டவில்லை. அதைவிட வேடிக்கை, நிஜமாக மன்னாருக்குப் புறப்படுகிறவர்களும் அந்த வசனத்தைச் சொல்ல முடியாமல் போயிற்று. பெட்டி படுக்கையோடு பஸ்ஸுக்கு நிற்கும் பெண், ஊருக்குப் போகிறேன் என்றால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அதனால் எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் மன்னாருக்குப் போகிறேன் என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். சிலாபத்துக்குப் போகிறேன், கொழும்புக்குப் போகிறேன் என்பதுபோல.

வாப்பா அடுத்த வருஷம் என்ற கதையை மெல்ல மெல்ல நிறுத்திக்கொண்டார். உம்மா சொன்னதைப் பற்றி அவர்கள் இருவரும் பேசி நான் கேட்டதில்லை. இப்போது வாப்பா புத்தளத்து மண்ணில்தான் அடங்கியிருக்கிறார்.

காக்கா மன்னாருக்குப் போய் வீடு கட்டிவிட்டான். பழைய கிணற்றையும் தூர் வாரிவிட்டானாம். கொஞ்ச நாளைக்கு முன் உம்மாவைக் கூட்டிப்போக வேனோடு வந்தான். நானும் வந்திருந்தேன். உம்மா குளியலறைத் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். இப்போது வீட்டுக்கு வீடு மலசலகூடம் வந்துவிட்டது. இருந்தாலும் அந்தப் பொதுக் குளியலறையைக் கழுவுவதை உம்மா விடவில்லை. சுஹைறா மாமி வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

காக்கா கெஞ்சினான். எல்லாம் இருக்கிறது உம்மா, கிணற்றடியில் வேலிகூட அடைத்திருக்கிறேன், மருதோண்டிக் கன்றும் நட்டிருக்கிறேன், ஊருக்கு வந்து இருங்களேன் என்றான்.

உம்மா தும்புத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு ஊருக்குப் போறது நிண்டு கன காலம் மகன்" என்றார்.

சுஹைறா மாமிதான் முதலில் சிரித்தார். கதிரை ஆடும் அளவுக்குச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. காக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

உம்மா சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு குழாயைத் திறந்துவிட்ட சத்தம். நெடுநேரம் அவர் வெளியே வரவில்லை.